முன்பத்திரம் பார்க்காத வசனம்

திருப்போரூர் ரிஜிஸ்டர் ஆபீஸ் எதிரில் பத்திரம் எழுதுகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அவசரத்தில் இருக்கிறவன் எவனும் ஞானதாஸிடம் வரமாட்டான். மனை வாங்க வந்தவனை உட்காரவைத்து, முன்பத்திரத்தைக் கேட்டு வாங்கி, அதற்கும் முந்தைய பத்திரம் எங்கே என்று கேட்டு, அதைக் கொண்டுவா என்று திருப்பி அனுப்பிவிடுவார். எல்லாம் கைக்கு வந்த பிறகு முதல் வரியிலிருந்து கடைசி சாட்சிக் கையெழுத்து வரை வாய்விட்டுப் படிப்பார். நடுவில் யாராவது, "அதெல்லாம் சரியாத்தான் சார் இருக்கும், எழுதுங்க" என்றால் பேனாவை மூடி வைத்துவிடுவார்.

"எழுதிக்குடுக்கறவன் யாரு? குடுக்கறதுக்கு அவனுக்கு இன்னா பாத்தியதை கீது? இது ரெண்டும் தெரியாம நான் எழுதமாட்டேன். வேற கடைக்குப் போ."

ஞானதாஸ் என் தங்கை சகுந்தலாவின் புருஷன். தையூர் பக்கம் பயிர் வைத்துப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. அப்பாவின் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுத வீட்டுக்கு வந்தவர், நாலு எல்லையும் பிசகாமல் எழுதிவிட்டு, போகும்போது என் தங்கையின் மனதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவள் ஞானஸ்நானம் வாங்கி அவரைக் கட்டிக்கொண்டபோது வீட்டில் பெரிய ரகளை. நானும் கொஞ்ச காலம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் ரிஜிஸ்டர் ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடை போட்ட பிறகு, பக்கத்தில் பத்திரம் எழுதுகிறவரை எத்தனை நாள் முறைத்துக்கொண்டு உட்கார முடியும்? அவர் மச்சான் என்றார், நானும் மச்சான் என்றேன், அதோடு சண்டை முடிந்தது. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஞாயிற்றுக்கிழமை சபை, மற்ற நாளெல்லாம் பத்திரம் என்று இருந்தார்கள்.

ஒரு தடவை கூடுவாஞ்சேரியிலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். ரிட்டயர் ஆகப்போகிறவர். ஒரு கிழவியம்மாவின் நிலத்தை வாங்க எல்லாம் பேசி முடித்து, அன்றைக்கே எழுதிவிட வேண்டும் என்று வந்திருந்தார். மச்சான் பழைய பத்திரத்தை இரண்டு தாள் தள்ளிப் படித்தார். அந்த அம்மாவின் புருஷன் அவளுக்கு உயிரோடு இருக்கும் வரை அனுபவிக்கத்தான் எழுதி வைத்திருந்தான். விற்கும் உரிமை அவளுக்குக் கிடையாது. வாத்தியார் முகம் வெளுத்துவிட்டது. "புரோக்கர் படிச்சுப் பாத்துட்டேன்னு சொன்னாருங்க" என்றார்.

"வாங்கறது நீ, கையெழுத்து உன்னுது, படிக்கறது மட்டும் புரோக்கரா? அப்பால கோர்ட்டுல போயி நான் படிக்கலன்னு சொன்னா ஜட்ஜு உனக்குப் பாவம் பாப்பாரா?" என்று வயதில் பெரியவர் என்றும் பார்க்காமல் வாங்கு வாங்கு என்று வாங்கிவிட்டார். வாத்தியார் கோபிக்கவில்லை. கும்பிட்டுவிட்டுப் போனார்.

இப்படிப்பட்ட மனுஷனிடம் ஒரு பைபிள் இருந்தது. கல்யாணத்துக்குச் சபையில் கொடுத்தது. ஜிப் வைத்த கறுப்பு உறை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சகுந்தலாவோடு பஸ் ஏறி மாமல்லபுரத்தில் இருந்த சபைக்குப் போய்வருவார். வீட்டில் ஷோகேஸுக்குள் அதற்குத் தனி இடம், மேலே ஒரு பூப்போட்ட துணி. ஒருநாள் நான் சும்மா இருக்காமல், "இத முழுசா எத்தினி தபா படிச்சிகீறே மச்சான்?" என்று கேட்டேன்.

"முழுசான்னு இல்ல. சங்கீதப் புஸ்தகம் படிப்பேன். பாஸ்டர் ஐயா சொல்ற வசனத்த எடுத்துப் பாப்பேன். மிச்சத்த அவருதான் வாரா வாரம் விளக்கிச் சொல்றாரே."

பாஸ்டர் ஜெபகுமார் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நல்ல மனுஷன், அதில் சந்தேகமில்லை. ஓட்டு வீட்டில் சபை நடத்திக்கொண்டு, சைக்கிளில் முட்டுக்காடு வரை போய் நோயாளிகளுக்கு ஜெபம் பண்ணிவிட்டு வருவார். அவர்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வருஷப்பிறப்பு காலை ஆராதனையில் ஒரு தட்டு நிறைய சின்னச் சின்ன அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வசனம். ஆளுக்கு ஒன்று கண்ணை மூடி எடுத்துக்கொள்ள வேண்டும். கைக்கு எது வருகிறதோ அதுதான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் அவருக்குக் கொடுத்த வாக்குத்தத்தம். முதலில் சென்னையிலிருந்து அச்சடித்த அட்டை வாங்கினார்கள். மச்சானின் கையெழுத்தைப் பார்த்த பிறகு பாஸ்டர் அந்த வேலையை அவரிடம் கொடுத்துவிட்டார்.

டிசம்பர் வந்தால் மச்சான் என் கடையில்தான் குந்துவார். அட்டை வெட்டுகிற கத்தி என்னிடம் இருந்தது. பைபிளைப் பிரித்து, விரலால் பக்கம் பக்கமாக மேலிருந்து கீழே தடவிக்கொண்டே போவார். ஆசீர்வதிப்பேன், பெருகப்பண்ணுவேன், திருப்பித் தருவேன் என்று எங்கே வருகிறதோ அங்கே விரல் நிற்கும். அந்த வரியை எடுத்து, நடுவில் இருக்கிற ராஜா பெயர், ஊர் பெயர் எல்லாவற்றையும் தூக்கிவிட்டு, மிச்சத்தை முத்து முத்தாக எழுதுவார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏன் மச்சான், பத்திரத்துல இப்படிப் பேரு, ஊரு, எல்லையெல்லாம் எடுத்துட்டு எழுதுவியா?"

"பேரெல்லாம் வந்தா சனங்களுக்கு இன்னா புரியும்? இது வேற மச்சான். பத்திரம்ன்றது மனுஷன் எழுதறது. அதுல பொய் சொல்றவன் கீறான். இதுல எவன் பொய் சொல்லப்போறான்?"

அன்றைக்கு அது எனக்குச் சரியான பதிலாகத்தான் பட்டது. நானும் அட்டையை வெட்டிக் கொடுத்தேன்.

அந்த வருஷம், தொண்ணூற்றேழில், அவர் கண்ணில் கோளாறு ஆரம்பித்திருந்தது. மேஜை ஓரத்தில் வைத்த டீ கிளாஸைத் தட்டிவிடுவார். நிறுத்தி வைத்த சைக்கிளில் போய் முட்டிக்கொள்வார். எதிரில் இருக்கிற எழுத்து மட்டும் நன்றாகத் தெரிந்தது, அதனால் வேலைக்குக் கெடுதல் இல்லை. பக்கவாட்டில்தான் ஒன்றும் தெரியவில்லை. நான்தான் பிடிவாதமாகச் செங்கல்பட்டுக்கு இட்டுக்கொண்டு போனேன். கண் டாக்டரம்மா வெளிச்சம் அடித்துப் பார்த்து, ஒரு மெஷினில் முகத்தை வைக்கச் சொல்லிப் பார்த்து, பொறுமையாகச் சொன்னார்.

"கண்ணுக்குள்ள அழுத்தம் அதிகமா இருக்கு. அது நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாத் தின்னுடும். போன பார்வை போனதுதான், அதை யாராலயும் கொண்டுவர முடியாது. மிச்சம் இருக்கறதைக் காப்பாத்தலாம். காலையிலயும் சாயந்திரமும் சொட்டு மருந்து விடணும், ஆயுசுக்கும். பொங்கல் கழிச்சு ஆபரேஷன் பண்ணிடலாம். தள்ளிப்போடாதீங்க."

மச்சான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டைக்கூட முதலிலிருந்து கடைசி வரை படித்துவிட்டுத்தான் மடித்தார். சகுந்தலா தினமும் மருந்து விட்டாள். பொங்கலுக்கு அடுத்த வாரம் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது.

வருஷப்பிறப்பு அன்று மத்தியானம் இருவரும் கேக் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மச்சானின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து என் கையில் வைத்தார். அவர் கையெழுத்துதான். ஆலயத்தின் பணிமுட்டுகளை எல்லாம் இரண்டு வருஷகாலத்திலே திரும்பக் கொண்டுவருவேன் என்று இருந்தது. அடியில், எரேமியா என்று புத்தகத்தின் பெயர் போட்டு அதிகாரமும் வசனமும்.

"பணிமுட்டுன்னா இன்னா?"

"கோயில்ல பூசைக்கு வச்சிருந்த பாத்திரம், பண்டம். நாங்க பாஸ்டர் ஐயா கிட்ட காட்டினோம். அவரு அப்படியே கண்ணு கலங்கிட்டாரு. மனுஷனோட சரீரம்தான் ஆலயம்னு வேதத்துல போட்டுகீது. அப்ப ஆலயத்துல கீற பாத்திரம் எது? கண்ணுதானே மச்சான். போனதெல்லாம் ரெண்டு வருஷத்துல திரும்ப வருது."

"இத எழுதினதே நீதானே. போன வாரம் என் கடைல குந்திக்கினு எழுதினது."

"அதத்தான் சொல்றேன். அத்தினி அட்டைல நான் எழுதினது எனக்கே திரும்பி வந்துச்சின்னா, இது மனுஷன் செயலா?"

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவன் இல்லை. "முன்பத்திரம் பாத்தியா மச்சான்? இதுக்கு முன்னாடி இன்னா கீது, பின்னாடி இன்னா கீதுன்னு?" என்றேன். விளையாட்டாகத்தான் கேட்டேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. "கர்த்தரோட வார்த்தைக்கு வில்லங்கம் போட்டுப் பாக்கச் சொல்றியா? நீ இன்னா கண்டே எங்க வேதத்தப் பத்தி?" என்று அட்டையைப் பிடுங்கிக்கொண்டார். சகுந்தலா என்னைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினாள். நான் கேக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

பொங்கல் வந்தது, போனது. ஆபரேஷன் தேதியும் போனது. மருந்து பாட்டில் குப்பைத் தொட்டியில் கிடந்ததை நானே என் கண்ணால் பார்த்தேன். மருந்து விட்டுக்கொண்டே ஆண்டவரை நம்புகிறேன் என்றால் அது அரை நம்பிக்கையாம். அப்படிச் செய்யச் சொல்லி பாஸ்டர்கூடச் சொல்லவில்லை. டாக்டரையும் பாருங்கள், ஜெபமும் பண்ணுங்கள் என்றுதான் அவர் சொன்னாராம். இவராகவே முடிவு எடுத்துக்கொண்டார்.

நான் போய்க் கத்தினேன். தங்கையைத் தனியாகக் கூப்பிட்டு, "உனக்காவது அறிவு வேணாமா?" என்று கேட்டேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"அவரு விசுவாசத்துல கீறாருண்ணா. நான் பயந்து நடுவுல கெடுத்துட்டேன்னு ஆயிடக்கூடாது. என்னாலதான் வரலன்னு ஆயிட்டா நான் எங்க போவேன்?"

மழைக்காலத்துக்கு முன்னால் எப்படியோ கெஞ்சிக் கூத்தாடி அவரை இன்னொரு தடவை செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனேன். டாக்டரம்மா பார்த்துவிட்டு என்னைத்தான் திட்டினார். பிறகு அவரிடம் குரலைத் தாழ்த்தி, "இப்பப் பண்ணாக்கூட மிச்சத்தைக் காப்பாத்திடலாம் சார்" என்றார்.

மச்சான் சிரித்தார். "மிச்சம் வேணாம் டாக்டர். எனக்கு முழுசாவே வருது."

அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. ஆள் பைத்தியம் இல்லை. முட்டாளும் இல்லை. ஊரில் ஒருத்தனும் ஏமாந்துவிடக் கூடாது என்று பத்திரத்தைத் தாள் தாளாகப் பிரித்துப் பார்த்தவர். திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வெளியே எதையோ தேடுகிற மாதிரி தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டே வந்தார்.

அடுத்த வருஷம் முழுக்க அவர் உலகம் சுருங்கிக்கொண்டே போனது. முதலில் பத்திரத்தில் ஒரு முழு வரியும் தெரிந்தது. பிறகு நாலு வார்த்தை. பிறகு எழுத்து எழுத்தாகத் தேடிப் படித்தார். ஒரு பத்திரத்தில் கிழக்கு எல்லையை எழுதாமலே விட்டுவிட்டார், ரிஜிஸ்டர் ஆபீஸில் திருப்பி அனுப்பினார்கள். அன்றோடு அவரே பேனாவை மூடிவிட்டார். சபையில் மட்டும் எழுந்து நின்று சாட்சி சொல்வார், ஆண்டவர் சொன்ன காலம் நெருங்குகிறது, நான் பார்ப்பேன் என்று. எல்லோரும் கைதட்டி ஸ்தோத்திரம் சொல்வார்களாம். சகுந்தலா அதைச் சொல்லும்போது அவள் குரலில் கைதட்டல் இல்லை.

இரண்டாயிரம் பிறந்தது. உலகம் அழியப்போகிறது, கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுவிடும் என்று ஊரெல்லாம் பேச்சு. ஒன்றும் நிற்கவில்லை. மச்சான் புது வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சபைக்குப் போனார். அன்றைக்கு நானும் பின்னாலேயே போனேன், வாசலில் செருப்புகளுக்கு நடுவில் நின்றேன். ஆராதனை முழுக்க அவர் முகத்தை மேலே தூக்கி, கண்ணை அகலத் திறந்து வைத்திருந்தார். எல்லோரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆராதனை முடிந்தது. சகுந்தலா அவர் கையைப் பிடித்து வாசல்படி இறக்கினாள். பாஸ்டர் ஓடி வந்து, "ஆண்டவருடைய கணக்கு நம்ம கணக்கு இல்லைங்கய்யா, இன்னும் காத்திருப்போம்" என்றார். மச்சான் காலால் தடவித் தன் செருப்பைத் தேடினார்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடையைச் சாத்திவிட்டு உள்ளே கணக்கு வழக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். சகுந்தலா அவரைக் கைப்பிடித்து இட்டுக்கொண்டு வந்தாள். கக்கத்தில் பைபிள். அவளைக் காய்கறி வாங்கப் போகச் சொல்லிவிட்டு, என் எதிரில் குந்தினார்.

"மச்சான், எனக்கு ஒண்ணு படிச்சிக் காட்டணும்."

"உங்க வேதத்தப் பத்தி நான் இன்னா கண்டேன்னு கேட்டியே."

"கேட்டேன். தப்புதான். படி. சகுந்தலாவப் படிக்கச் சொன்னா அந்த ஒரு வரியத்தான் திரும்பத் திரும்பப் படிக்கறா. நீயாவது பத்திரம் படிக்கிற மாதிரி படி. அந்த அதிகாரத்துல மொத எழுத்துலேர்ந்து. பேரு, ஊரு ஒண்ணும் வுடாத."

ஜிப்பைத் திறந்தேன். எரேமியா இருபத்தெட்டு. அந்தப் பக்கம் தானாகவே பிரிந்துகொண்டது. எதிர்ப்பக்கத்தில் சிவப்புப் பேனாவில் கோடு போட்ட ஒரு வசனம், அவர்கள் வீட்டுக் கூடத்தில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த அதே வசனம். ஆக இந்தத் தாளை அவர் பல தடவை திறந்திருக்கிறார்.

படித்தேன். இன்ன ராஜா ஆண்ட இன்ன வருஷம், இன்ன மாசம். ஆசூரின் மகன், கிபியோன் ஊர்க்காரன் அனனியா என்கிற தீர்க்கதரிசி, கர்த்தருடைய ஆலயத்தில், ஆசாரியர்களும் ஜனங்களும் பார்த்துக்கொண்டிருக்க, எரேமியா என்கிற இன்னொரு தீர்க்கதரிசியிடம் சொன்னது.

"பத்திரம் மாதிரியே கீது மச்சான்" என்றார். "தேதி, அப்பன் பேரு, ஊரு, சாட்சி. எல்லாம் கீது. நான் வெட்டி எடுத்தேன்."

"அவன்தான் சொல்றான், எதிரி ராஜா கொள்ளையடிச்சிக்கினு போன பாத்திரமெல்லாம் ரெண்டு வருஷத்துல திரும்ப வரும்னு."

"யாரு?"

"அனனியா."

"கர்த்தர் இல்ல?"

"கர்த்தர் சொல்றாருன்னு அனனியா சொல்றான்."

அவர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "மேல படி" என்றார்.

எனக்குப் படிக்கப் பிடிக்கவில்லை. கண் முன்னே ஓடி, கீழே என்ன வருகிறது என்று பார்த்துவிட்டிருந்தது. அவர் மேஜையைத் தட்டினார். படித்தேன். ஜனங்களெல்லாம் அனனியா பேச்சைக் கேட்டது, ஜனங்கள் அடிமைப்பட்டிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் மாட்டியிருந்த மர நுகத்தை அவன் பிடுங்கி உடைத்தது, அப்புறம் எரேமியா திரும்பி வந்து அவனிடம் சொன்னது. கர்த்தர் உன்னை அனுப்பவில்லை, நீ இந்த ஜனங்களைப் பொய்யை நம்ப வைத்தாய். அந்த வருஷமே அனனியா செத்தும் போனான். அடுத்த அதிகாரத்தில், அந்த எதிரி ராஜா சிறைபிடித்துக்கொண்டு போனவர்கள் போன இடத்திலேயே வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், திரும்பி வர எழுபது வருஷம் ஆகும் என்று எரேமியா எழுதி அனுப்புகிறார்.

நான் நிறுத்தினேன். தெருவில் காய்கறி வண்டிக்காரன் கத்திக்கொண்டு போனான்.

"ரெண்டு பக்கம்தானா மச்சான்?" என்று கேட்டார்.

"ரெண்டு பக்கம்கூட இல்ல."

"கண்ணு நல்லா இருந்தப்போ கால் மணி நேரம் ஆயிருக்குமா?"

அவர் அழுதார். பார்வை போன கண்ணிலும் தண்ணீர் வரும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன், வேறு என்ன செய்ய முடியும்?

விஷயம் பாஸ்டர் காதுக்குப் போனது. சைக்கிளில் வந்தார். கூடத்தில் உட்கார்ந்து தன் பைபிளை எடுத்து அந்த அதிகாரத்தைப் படித்தார். "நானும் முன்னப் பின்னப் பார்க்கலைங்கய்யா. அட்டையில இருந்ததைத்தான் பார்த்தேன். மேய்ப்பன் நான். பழி என் மேலதான்" என்று மச்சானின் காலைத் தொடப்போனார்.

மச்சான் காலை இழுத்துக்கொண்டார். "உங்க கிட்ட ஒரு பைபிள் இருந்துச்சி ஐயா. என் கிட்டயும் ஒண்ணு இருந்துச்சி. கூடுவாஞ்சேரி வாத்தியார நான் கேட்டேன், படிக்கறது மட்டும் புரோக்கரான்னு. இப்ப உங்க மேல நான் எப்படிப் பிராது குடுப்பேன்?"

சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சகுந்தலா கழுவுவதை நிறுத்திவிட்டு நின்றாள். எல்லாம் அவள் காதில் விழுந்தது. வெளியே வரவில்லை.

அதற்குப் பிறகு மச்சானுக்கு ஒரு வெறி பிடித்தது. முதல் பக்கத்திலிருந்து முழுவதும் படிக்க வேண்டும், தெரிந்துகொள்ள வேண்டும் என்று. கேசட்டில் இருக்கிறது என்று யாரோ வாங்கிக் கொடுத்தார்கள். இரண்டு நாள் கேட்டார். "அது பாட்டுக்கு ஓடிக்கினே கீது மச்சான். நிறுத்தி, இவன் யாரு, இதுக்கு முன்னாடி இன்னா சொன்னான்னு திருப்பிப் பாக்க முடியல" என்று ஓரமாக வைத்துவிட்டார். சகுந்தலா எழுத்துக் கூட்டிப் படிப்பவள். ஒவ்வொரு வரிக்கும், யார் சொன்னது, யாரிடம் சொன்னது, மேலே போய்ப் பார் என்று அவர் கேட்டால், அவள் விரல் எந்த வரியில் இருந்தது என்று மறந்துபோகும். பத்திரக் கடையை மூடிய பிறகு அவள்தான் ஒரு தையல் கடையில் காஜா எடுத்துக் குடும்பத்தை ஓட்டினாள். வந்து உட்கார்ந்தால் தூக்கம் சொக்கும். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் படித்தேன். எனக்குப் படிக்கத் தெரியும், கேட்கிற கேள்விக்குப் பதில் தெரியாது. ஒரு கேள்விக்குப் பதில் தேட நாலு இடம் புரட்ட வேண்டியிருக்கும், அதற்குள் பொழுது போய்விடும். ஆடி மாதம் வந்தபோது முதல் புத்தகத்திலேயே பாதிகூடத் தாண்டவில்லை.

"இது நான் என் கண்ணால குந்திப் படிச்சிருக்க வேண்டியது மச்சான்" என்றார் ஒருநாள். "இன்னொருத்தன் வாய்ல கேட்டு ஆவறது இல்ல." அதன் பிறகு படிக்கச் சொல்லி அவர் கேட்பதையே விட்டுவிட்டார். நான் போனால் ரேடியோ கேட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

அடுத்த வருஷப்பிறப்புக்குச் சபைக்குப் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டார். சகுந்தலா மட்டும் போய்வந்தாள். நான் மத்தியானம் பிரியாணி எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். எழுத ஆள் இல்லாததால் சபையில் மறுபடியும் சென்னையிலிருந்து அச்சடித்த அட்டை வாங்கியிருந்தார்கள். ரோஜாப்பூ போட்ட வழவழப்பான அட்டை. பாஸ்டர் இந்த வருஷம் ஒவ்வொருவரையும் வீட்டுக்குப் போய் அந்த அதிகாரம் முழுவதும் படிக்கச் சொன்னாராம். அதை அவளே சொன்னாள், ஏதோ பால் விலையைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

அட்டையை மச்சானின் கையில் வைத்தாள். அவர் கட்டை விரலால் அதைத் தடவிப் பார்த்தார்.

"இன்னா போட்டுகீது?"

"உங்கள் கண்கள் காணும்னு போட்டுகீதுங்க." மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் வீட்டில் நான் பார்த்த அதே வெளிச்சம், இப்போது அவள் முகத்தில்.

மச்சான் அட்டையை நெஞ்சில் வைத்துக்கொள்ளவில்லை. கீழேயும் போடவில்லை. பழைய கடையில் உட்கார்ந்திருந்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"யாரு சொன்னது? யார் கிட்ட? எதக் காணும்?"

"அட்டைல அவ்ளோதாங்க கீது. அடில மல்கியான்னு போட்டுகீது."

"புக்க எடு. அந்த அதிகாரத்த மேலேர்ந்து படி. மச்சான் கீறானே, அவன்கிட்ட குடு."

நான் கையை நீட்டினேன். சகுந்தலா ஷோகேஸிலிருந்து பைபிளை எடுத்தாள். பூப்போட்ட துணி கீழே விழுந்தது. என் கையில் கொடுக்கவில்லை. மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாங்க" என்றாள். "பாத்துட்டா இதுவும் போயிடும்."

அவர் அட்டையை நீட்டினார். அவள் வாங்கி, எந்தப் பக்கம் என்று பார்க்காமல் பைபிளுக்கு நடுவில் செருகி, ஜிப்பை இழுத்து மூடினாள். அந்தச் சத்தம் வந்த பக்கம் மச்சான் முகத்தைத் திருப்பினார்.

"மூடிட்டியா?" என்று கேட்டார்.

அவள் குனிந்து துணியை எடுத்து உதறினாள். பிறகு எங்களுக்குச் சோறு போட இலை எடுக்க உள்ளே போனாள்.